ஓலையில் நின்றுபோன குறிப்புகள்

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருமயத்திற்குச் செல்பவர்களுள் பெரும்பாலோர் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அக்கோட்டை நிற்கும் குன்றின் தென்சரிவில், சிவபெருமானுக்கு ஒன்றும் திருமாலுக்கு ஒன்றுமாக இரண்டு குடைவரைகள் அருகருகே உள்ளன. சிவபெருமானின் குடைவரைச் சுவரில் ஒரு காலத்தில் இசை பற்றிய கல்வெட்டொன்று இருந்தது. குடுமியான்மலைப் பாறைச் சரிவில் பண்களின் சுரக்கோவைகளை ஏழு பகுதிகளாகப் பொறித்திருக்கும் புகழ்பெற்ற கல்வெட்டுக்கு உறவானது அது. திருமயத்தில் இன்று அது முழுமையாக இல்லை. 13ஆம் நூற்றாண்டில் இவ்விரு கோயில்களுக்கும் இடையே நெடுநாள் நீடித்த பூசலொன்றை ஹொய்சளத் தளபதி ஒருவரின் முன்னிலையில் தீர்த்து வைத்தார்கள். அந்தத் தீர்ப்பைப் பொறிக்க இடம் தேவைப்பட்டது. சுவரில் இருந்த பழைய எழுத்துகளைச் செதுக்கி நீக்கிவிட்டு, அதே இடத்தில் தீர்ப்பை வெட்டினார்கள். இசைக்கல்வெட்டில் எஞ்சியவை ஒருசில சொற்களே.

இந்தச் செய்தியைக் கேட்கும் நண்பர்கள் பலர் கொதித்துப் போவதைக் கண்டிருக்கிறோம். நமக்கு அத்தனை சினம் எழுவதில்லை. பூசல் தீர்ந்ததற்குச் சான்று வேண்டும் என்பது அன்றிருந்தவர்களுக்கு வாழ்வுப் பிரச்சினை. சுவரோ ஒன்று. புதியது வந்தது, பழையது போயிற்று. நம்மை உறுத்துவது வேறொன்று. பழையது போகலாம் என்று முடிவு செய்தவர்கள், அது எவருக்கு எப்போது தேவைப்படும் என்பதை அறிந்திருக்க வழியே இல்லை.

வாசகர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும் கணினியிலும் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. லினக்ஸின் கருவகம், தான் காண்பனவற்றையெல்லாம் நினைவகத்தில் வட்டமான ஒரு சிறு இடத்தில் எழுதிக்கொண்டே போகும். வட்டம் நிறைந்ததும், முதலில் எழுதியதன் மேலேயே அடுத்ததை எழுதும். திருமயத்தில் ஒருமுறை நடந்தது இங்கே இடைவிடாமல் நடக்கிறது. வட்டத்தில் அழியும் முன்பாகச் செய்திகளை எடுத்து வேறோர் இடத்தில் சேர்ப்பதற்கென்றே ஓர் எழுத்தர் அமர்த்தப்பட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் லாக் என்று சொல்லப்படுவதை எழுதுபவர் அவர். நாம் அதைக் குறிப்பேடு என்றே அழைப்போம். அந்த எழுத்தர் எதில் எழுதுகிறார், எழுதியதை எத்தனை நாள் வைத்திருக்கிறார் என்பதுதான் இங்கே பேச்சு. அதை அறிய வேண்டிய தேவை நமக்கு ஏற்பட்ட கதையையும் சொல்லிவிடுகிறோம்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து சில ஆண்டுகளாக மாவட்டத்துக் கோயில்களில் கல்வெட்டுகளைப் படமெடுத்துத் தொகுத்து வருகிறோம். 1929ஆம் ஆண்டு புதுக்கோட்டைச் சமஸ்தானம், தன் எல்லைக்குள் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடங்களை ஒரே தொகுப்பாக அச்சிட்டது. அன்றைய நிலையில் அது ஒரு பெருஞ்செயல். அந்தத் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எது இன்னும் சுவரில் இருக்கிறது, எது சுண்ணாம்புக்கு அடியில் போயிற்று, எது மணல்வீச்சில் மழுங்கிற்று என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வருவதே நமது வேலை. படங்களை ஓரிடத்தில் சேர்த்து வைக்க அறந்தாங்கிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், நண்பரின் உறவினர் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அங்கே உள்ளங்கையளவுச் சிறுகணினி ஒன்று, அதனோடு இணைத்த வட்டு ஒன்று. ஆங்காங்கே இருக்கும் நண்பர்கள் இரவில் படங்களை அனுப்புவர். சிறுகணினி அவற்றை வாங்கி அடுக்கிவைக்கும்.

2024 ஐப்பசியில் அது அவ்வப்போது நின்றுபோகத் தொடங்கியது. நின்றுவிட்டுத் தானே மீண்டும் எழும். ஒவ்வொரு முறை விழும்போதும் வட்டில் எழுதிக்கொண்டிருந்த கோப்புகள் சிதையும். ஒரு கோயிலின் வடக்குச் சுவரை எடுத்த படங்களுள் பதினொன்று திறக்க மறுத்தன. அந்தச் சுவருக்கு மறுவாரமே திருப்பணியில் வண்ணம் பூசிவிட்டார்கள். நான்கு படங்களின் சிறு பிரதிகள் நண்பர் ஒருவரின் கைப்பேசியில் கிடைத்தன. ஏழு கிடைக்கவே இல்லை.

இதைவிட வருத்தம் தந்தது இன்னொன்று. அந்த வீட்டைப் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் ஆத்தாதான். நமக்கும் அவ்வாறே. கைப்பேசிக்கு மின்னேற்ற ஆத்தாதான் கணினியின் பிளக்கைப் பிடுங்குகிறார் என்று வீட்டுக்காரர் முடிவுகட்டிவிட்டார். வேறு எவரும் அந்த அறைக்குள் போவதில்லை என்பது அவர் கண்ட காரணம். "நான் எதுக்குய்யா அதைத் தொடுறேன்? வெளக்கு மினுக்குதுன்னு தள்ளி நின்னுல்ல பெருக்குறேன்" என்றார் ஆத்தா. அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. பல ஆண்டுகளாக அவர் இடுப்பில் தொங்கிய சாவியை வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார்.

ஆத்தா பிடுங்கினாரா இல்லையா என்பதைச் சொல்லக்கூடிய சாட்சி ஒன்றே ஒன்றுதான். அது கணினியின் குறிப்பேடு. திறந்து பார்த்தோம். கணினி கடைசியாக எழுந்த நொடியிலிருந்து தொடங்கியது. அதற்கு முன்னே ஒரு வரிகூட இல்லை. மறுமுறை விழுந்து எழுந்தபோதும் அதே நிலை. விழுந்ததற்கான காரணம் எந்த ஏட்டில் இருக்க வேண்டுமோ, அந்த ஏடு ஒவ்வொரு முறையும் விழுந்தவனோடு சேர்ந்தே எரிந்துபோனது.

இதை விளங்கிக்கொள்ளச் சோழர் காலத்து ஆவண நடைமுறையை நினைத்துப் பார்ப்பது உதவும். மன்னர் வாய்மொழியாகச் சொன்ன ஆணையை முதலில் ஓலையில் எழுதினார்கள். ஓலைநாயகம் போன்ற அலுவலர்கள் ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். புரவுவரித் திணைக்களத்தார் வரிப்பொத்தகத்தில் ஏற்றினார்கள். பிறகே அது ஊருக்குச் சென்று கல்லில் ஏறியது. இன்று நம் கையில் இருப்பவை கல்லும் செம்பும் மட்டுமே. ஓலைகள் அத்தனையும் போயின. எந்த ஆணை கல்லேறியதோ அதை மட்டுமே நாம் அறிவோம். லினக்ஸ் கணினியிலும் இரண்டு இடங்கள் உண்டு. ரன் என்னும் கோப்புறை நினைவகத்தில் இருக்கிறது. மின்சாரம் போனால் அதுவும் போகும். அது ஓலை. வார் என்னும் கோப்புறை வட்டில் இருக்கிறது. மின்சாரம் போனாலும் நிற்கும். அது கல். நம் சிறுகணினியின் எழுத்தர் ஓலையில் மட்டுமே எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு அவ்வாறே ஆணை.

அந்த ஆணையை இட்டவர்கள் நாம் அல்லோம். கணினியோடு வந்த லினக்ஸில் முன்னரே அவ்வாறு அமைத்திருந்தார்கள். டிபால்ட் என்று நாவில் பழகிவிட்ட சொல்லுக்குத் தமிழில் முன்னிருப்பு என்று ஒரு சொல் வழங்குகிறது. நல்ல சொல். நாம் வருவதற்கு முன்பே அங்கே இருப்பது. எவரோ எப்போதோ நமக்காகச் செய்துவைத்த முடிவு.

முன்னிருப்புகள் மாறிய வரலாறு சுவையானது. 1980களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர் சென்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார். அதன் செய்திகளைத் தொகுக்கத் துணைவேலையாகச் செய்ததுதான் சிஸ்லாக். அஞ்சலுக்காகப் பிறந்தது, பின்னர் எல்லா மென்பொருள்களுக்கும் பொது எழுத்தராயிற்று. அது எழுதிய ஏடு எவரும் வாசிக்கத்தக்க வெறும் எழுத்து. எந்தத் துறையின் செய்தி எந்தக் கோப்புக்குப் போக வேண்டும் என்பதை ஒரு பட்டியலில் எழுதிவைத்தால் போதும். அந்தப் பட்டியலில் கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு சிறுகோடு இட்டால், ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் வட்டில் பதிக்க வேண்டாம், சேர்த்து எழுதினால் போதும் என்று பொருள். வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு. மின்சாரம் திடீரென்று போனால் கடைசிச் சில வரிகள் கிட்டாமல் போகலாம் என்பதே அந்தச் சிறுகோட்டின் விலை. 2004இல் ஜெர்மனியின் ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் தொடங்கிய ஆர்சிஸ்லாக், இதே வழியில் வந்து பல லினக்ஸ் வகைகளின் முன்னிருப்பு எழுத்தராக அமர்ந்தது.

2011 நவம்பரில் லெனார்ட் பெட்டெரிங், கே சீவெர்ஸ் ஆகிய இருவரும் சிஸ்டம்டி என்னும் தொகுதியின் உறுப்பாக ஜர்னல் என்ற புதிய குறிப்பேட்டை அறிவித்தார்கள். அது வெறும் எழுத்தன்று. தேடுவதற்கு எளிதாகக் கட்டமைத்த இருமக் கோப்பு. படிக்கத் தனிக் கருவி வேண்டும். அதையொட்டி எழுந்த சண்டைகள் சைவ வைணவப் பூசல்களுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல என்பது அக்காலத்தில் லினக்ஸ் வட்டாரங்களில் உலவியவர்களுக்கு நினைவிருக்கும். சண்டை நடந்துகொண்டிருக்கையிலேயே முன்னிருப்புகள் ஓசையின்றி மாறின. 2013 டிசம்பரில் வெளிவந்த பெடோரா 20, பழைய எழுத்தரைத் தானாக நிறுவுவதை நிறுத்திக்கொண்டது. 2021இல் வந்த டெபியன் 11, ஜர்னலைக் கல்லில் எழுதுமாறு முன்னிருப்பை மாற்றியது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12, ஆர்சிஸ்லாகைத் தானாக நிறுவுவதைக் கைவிட்டது. பல்லாண்டுகளாகச் சிஸ்லாக் என்ற பெயரில் இருந்த கோப்பைத் தேடிய நிருவாகிகள், புதிதாக நிறுவிய கணினியில் அது காணாமல் திகைத்தனர்.

ஜர்னலின் மூல முன்னிருப்பில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்குத் தானியங்கி என்று பெயர். வார், லாக், ஜர்னல் என்று ஒன்றனுள் ஒன்றாக ஒரு கோப்புறை இருந்தால் எழுத்தர் அங்கே, கல்லில், எழுதுவார். அந்தக் கோப்புறை இல்லையெனில் ஓலையிலேயே எழுதி நிறுத்திக்கொள்வார். தாமாக அதை உருவாக்கமாட்டார். ஆக, ஒரு கணினி தன் கடந்த காலத்தை நினைவில் வைத்திருப்பதும் மறப்பதும் ஒரு வெற்றுக் கோப்புறை இருப்பதையும் இல்லாததையும் பொறுத்தது.

சிறுகணினிகளுக்கான சில லினக்ஸ் வகைகளில் இதையும் தாண்டி, ஓலையில் மட்டுமே எழுத வேண்டும் என்று வெளிப்படையாகவே ஆணையிட்டிருக்கிறார்கள். காரணம் நியாயமானது. இத்தகைய கணினிகள் பெரும்பாலும் நகக்கண் அளவுள்ள மெமரி கார்டில் இயங்குகின்றன. அந்தக் கார்டின் ஒவ்வொரு கலத்தையும் இத்தனை முறைதான் அழித்து எழுத முடியும் என்று ஓர் எல்லை உண்டு. நொடிதோறும் குறிப்பெழுதினால் கார்டு தேய்ந்து மாளும். குறிப்பைவிடக் கார்டு பெரிது என்று கருதி முடிவெடுத்தார்கள். அவர்களைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் மின்தடையை அரிய விபத்தாகக் கருதும் ஊரில் அமர்ந்து எடுத்த முடிவு இது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தபோது கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பகுதிகளில் தென்னையும் பலாவும் சாய்ந்ததோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. வாரக்கணக்கில் இருளில் கிடந்த ஊர்கள் உண்டு. அப்படிப்பட்ட நாள்களை விட்டுவிட்டாலும், மோட்டாரும் மழையும் இடியும் சேர்ந்து மின்சாரத்தை அலைக்கழிப்பது இங்கே அன்றாடம். மின்சாரம் நிற்கும் நொடியில்தான் குறிப்பேடு தேவைப்படுகிறது. அந்த நொடியில்தான் ஓலையும் எரிகிறது.

மாற்றுவது கடினமாக இல்லை. முன்னிருப்புக் கோப்பை அப்படியே விட்டுவிட்டு, எட்சி என்னும் கோப்புறையின் கீழே ஜர்னலுக்குரிய இடத்தில் நமது ஆணையைத் தனிச்சிறு கோப்பாக எழுதிவைத்தோம். இரண்டும் முரண்பட்டால் நம்முடையதே செல்லும். சேமிப்பு நிலையானதாக இருக்கட்டும் என்பது முதல் வரி. கார்டு தேயுமே என்ற கவலைக்கு விடையாகக் குறிப்பேட்டின் இடத்தை வெளிவட்டுக்கு மாற்றினோம். அளவுக்கும் ஓர் எல்லை வைத்தோம். எல்லை வைக்காவிட்டால் வட்டின் பத்தில் ஒரு பங்குவரை, உச்ச அளவாக 4 ஜிபிவரை, ஜர்னல் எடுத்துக்கொள்ளும்.

கல்லுக்கு மாற்றியதோடு வேலை முடிந்துவிடவில்லை. மிகக் கடுமையானவை என்று குறிக்கப்பட்ட செய்திகளை ஜர்னல் உடனே வட்டில் பதித்துவிடுகிறது. மற்றவற்றை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறைதான் உறுதியாகப் பதிக்கிறது. இதுவும் முன்னிருப்பே. நமக்கு வேண்டியதோ விழுவதற்கு முந்தைய சில நொடிகள். எனவே ஐந்து நிமிடத்தைப் பதினைந்து நொடியாக்கினோம்.

அடுத்தது காலக்கணக்கு. கல்வெட்டுப் படிப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. சுவரில் "இராஜகேசரியின் 7ஆம் ஆண்டு" என்ற அளவில் இருக்கும். எந்த இராஜகேசரி? சோழர் இராஜகேசரி, பரகேசரி என்று மாறிமாறிப் பூண்டனர். பாண்டியர் மாறவர்மன், சடையவர்மன் என்று பூண்டனர். மெய்க்கீர்த்தி இருந்தால் மன்னரை அடையாளம் காணலாம். நாள், திதி, கிழமை, நட்சத்திரம் இருந்தால் கணக்கிட்டு ஆண்டைப் பிடிக்கலாம். எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை போன்றோர் பஞ்சாங்கக் கணிதத்தில் ஆயுளைச் செலவிட்டது இதற்காகவே. லினக்ஸ் கருவகமும் தன் செய்திகளை ஆட்சியாண்டில்தான் குறிக்கிறது. கணினி எழுந்து இத்தனையாவது நொடி என்று எழுதும். ஒவ்வொரு முறை எழும்போதும் புதிய மன்னர் பட்டமேற்கிறார், கணக்கு சுழியத்திலிருந்து தொடங்குகிறது. ஜர்னல் ஒவ்வோர் ஆட்சிக்கும் ஒரு நீண்ட அடையாள எண்ணைச் சூட்டி, எந்தச் செய்தி எந்த ஆட்சிக்குரியது என்று பிரித்து வைக்கிறது. அந்த எண்தான் மெய்க்கீர்த்தி. ஆனால் கடிகார நேரத்தை எழுத வேண்டுமானால் கணினிக்கு நேரம் தெரிந்திருக்க வேண்டும். நம்முடையதைப் போன்ற பல சிறுகணினிகளில் மின்சாரமின்றி ஓடும் கடிகாரம் இல்லை. எழுந்து, இணையத்தைத் தொட்டு, நேரத்தைக் கேட்டறியும்வரை அது பழைய நேரத்திலேயே வாழும். மின்சாரம் போனால் இணையமும் சேர்ந்தே போகும் வீட்டில் இந்த நேரம் சாட்சிக்கு உதவாது. பொத்தான் மின்கலத்தோடு வரும் சிறு கடிகாரப் பலகை ஒன்றை வாங்கி இணைத்தோம்.

பிறகு காத்திருந்தோம். ஒன்பது நாளில் ஆறுமுறை விழுந்தது. ஆறு முறையும் ஏடு நின்றது. ஒவ்வோர் ஆட்சியின் இறுதியிலும் ஒரே செய்தி. மின்னழுத்தம் குறைந்துவிட்டது என்று கருவகம் குரல் கொடுக்கிறது. அதன்பின் மௌனம். ஒருவர் பிளக்கைப் பிடுங்கினால் இவ்வாறு முன்னறிவிப்பு எழுதப்பட வாய்ப்பில்லை. நேரத்தைப் பார்த்தோம். ஆறும் மாலை ஆறு மணியை ஒட்டியவை. ஆத்தா காலையில் வந்து பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடுபவர். அதைவிட முக்கியம், அந்த ஒன்பது நாளும் சாவி அவரிடம் இல்லை.

மாலை ஆறு மணிக்கு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டியதாயிற்று. தொட்டிக்கு நீரேற்ற வீட்டுக்காரர் மோட்டாரைப் போடுகிறார். மோட்டாருக்கும் அந்த அறைக்கும் ஒரே பழைய கம்பி. மாலையில் தெருவெல்லாம் விளக்கெரியும் நேரத்தில் மின்னழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். மோட்டார் எழும் நொடியில் இன்னும் தாழும். கணினிக்கு மின்சாரம் தரும் அடாப்டரும் தளர்ந்துபோன ஒன்று. மறுநாள் மாலை எல்லோரும் அறையில் நின்றோம். வீட்டுக்காரரே மோட்டாரைப் போட்டார். சிறுகணினியின் சிவப்பு விளக்கு அணைந்தது. அவர் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவி அன்றிரவே திரும்பிப் போயிற்று. மன்னிப்பு என்ற சொல்லை எவரும் உச்சரித்ததாகத் தெரியவில்லை. மறுநாள் காலை ஆத்தாவுக்குக் காப்பி வீட்டுக்காரர் கையால் வந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து அறைக்குத் தனிக்கம்பி இழுத்தார். அடாப்டரை மாற்றினோம். அதன்பின் கணினி விழவில்லை.

லினக்ஸ் பயன்படுத்தும் நண்பர்கள் ஒன்று செய்யலாம். ஜர்னல்சிடிஎல் என்னும் கருவியிடம், இதுவரை எத்தனை முறை எழுந்தாய் என்று பட்டியல் கேட்டுப் பாருங்கள். லிஸ்ட்-பூட்ஸ் என்பது அதற்குரிய சொல். பலமுறை அணைத்து எழுப்பிய கணினி, இந்த ஒருமுறை மட்டும்தான் என்று ஒற்றை வரியில் விடை சொன்னால், அது ஓலையில் எழுதிக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

கல்லில் எழுதத் தொடங்கியபின் நண்பர்களிடையே வேறொரு வழக்கு எழுந்தது. எத்தனை நாள் வைத்திருப்பது? பழைய சிஸ்லாக் ஏடுகளைச் சுழற்சி முறையில் கழித்துவிடும் மென்பொருள் பெரும்பாலும் நான்கு வாரம் வைத்திருக்கும். நமது நாட்டில் கணினிப் பாதுகாப்புக்குப் பொறுப்பான செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28ஆம் நாள் வெளியிட்ட நெறிமுறைகள், சேவை நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தம் குறிப்பேடுகளை 180 நாள் இந்திய எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. கணினிக் கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. முன்னிருப்பை அப்படியே விட்டுவைத்த அலுவலகம் எதுவும், தான் அறியாமலேயே அந்த ஆணைக்குப் புறம்பாக நிற்கக்கூடும். நமது குழு எந்த நிறுவனமும் அன்று. அந்த ஆணை நம்மைத் தொடாது. என்றாலும் அளவுகோல் ஒன்று வேண்டியிருந்தது.

என்றென்றைக்கும் வைத்திருப்போம் என்றனர் கல்வெட்டுப் பித்துப் பிடித்த சிலர். அதற்கு எதிராக எழுந்த குரல் ஒரே ஒரு நண்பருடையது. குறிப்பேட்டில் மின்னழுத்தம் மட்டுமா இருக்கிறது? எவர் எந்த நேரத்தில் எங்கிருந்து உள்ளே வந்தார் என்பதும் இருக்கிறது. "நான் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிக்கிட்டிருக்கிறது உங்களுக்கு எதுக்குத் தெரியணும்?" என்று அவர் கேட்டார். பதில் சொல்ல எவராலும் இயலவில்லை. ஒருவரைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்த அதே ஏடு, இன்னொருவரைக் கண்காணிக்கவும் செய்யும். கல்லில் ஊரறியத் தம் கொடையைப் பொறித்துக்கொண்டவர்கள் அதை விரும்பிச் செய்தவர்கள். நமது நண்பர் தம் உறக்கமின்மையைப் பொறிக்கச் சொல்லவில்லை. நெடுநேரம் பேசியபின் 180 நாள் என்று முடிவாயிற்று. அதற்கு மேற்பட்டவை தாமாகவே கழியும்.

அந்த முடிவின்படி 2024 ஐப்பசி, கார்த்திகை மாதத்துக் குறிப்புகள் 2025 கோடையில் கழிந்துபோயின. மின்னழுத்தம் பற்றிய அந்த ஆறு வரிகளும் அவற்றோடு சேர்ந்தே போயின. கழிவதற்கு முன்பாக நண்பர் ஒருவர் அவற்றை ஒரு தாளில் அச்செடுத்து ஆத்தாவிடம் கொடுத்திருக்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டாராம். ஆங்கிலத்தில் இருந்ததை நண்பர் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பொருள் சொல்லியிருக்கிறார். தாள் இப்போது சமையலறை அலமாரியில், ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது.